கழுத்துக்கும் கொம்புக்கும் நடுவே ஒரு முழம்

யுபின் வண்டி ஓட்டும்போது முதுகை இருக்கையில் சாய்த்து எவரும் பார்த்ததில்லை. நெஞ்சு ஸ்டியரிங்கில் முட்ட, மூக்கு முன்கண்ணாடியைத் தொட, தொலைத்த காதணியை ரோட்டில் தேடுகிறவள் மாதிரித்தான் போவாள். தெற்குத் தாய்லாந்தில் எங்கள் சா-உவாட் சந்தைக்காரர்கள் அவளுக்குக் கூனி என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அதை அவள் காதுபடச் சொன்னவன் ஒரே ஒருவன், மீன் விற்கிறவன். அவனுடைய தராசுத் தட்டை எடுத்தே அவன் வாயில் அடித்தாள். அதற்குப் பிறகு அவன் முன்பல் இல்லாமல்தான் கூவி விற்றான்.

அவள் ஏன் அப்படி ஓட்டுகிறாள் என்பது ஊருக்கே தெரியும். தெரிந்துகொண்டே கேலி செய்கிற ஊர் எங்களுடையது. யுபினின் அண்ணன் தாவீ சண்டைக் காளை ஏற்றுகிற தொழிலில் இருந்தவன். ஒருநாள் காளையோடு போகும்போது யுபின் பக்கத்து இருக்கையில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். நாய் ஒன்று குறுக்கே ஓடியது. தாவீ பிரேக்கை மிதித்தான். வண்டி நின்றது, பின்னால் நின்ற காளை நிற்கவில்லை. கொம்பு பின்கண்ணாடியை உடைத்து, தாவீயின் பிடரியில் நுழைந்து, தாடைக்குக் கீழே வெளியே வந்தது. யுபின் மடியில் இருந்த ஆரஞ்சுச் சுளைமேல் அண்ணன் ரத்தம். அவள்தான் ஸ்டியரிங்கைப் பிடித்து வண்டியை வாய்க்காலில் விழாமல் நிறுத்தினாள். காளைக்கு ஒரு கீறலும் இல்லை. அந்த ஞாயிறே களத்தில் இறங்கி ஜெயித்தது. இன்றைக்கும் டீக்கடையில் அந்தக் காளையின் பெயரைச் சொல்லுவார்கள். தாவீயின் பெயரைக் கேட்டால் தலையைச் சொறிவார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் அவள் அதே தொழிலுக்கு வந்தாள் என்றால் அதற்குக் காரணம் கட்டிய புருஷன் கச்சோன். காளை பழக்குவதில் கைகாரன். ஆனால் ரோட்டில் யாராவது ஹாரன் அடித்தால் போதும், வண்டியை நடுரோட்டில் நிறுத்திவிட்டுக் கத்தியோடு இறங்கிவிடுவான். மூன்று பேரைக் கிழித்து, ஒருமுறை உள்ளேயும் போய் வந்தான். "ஸ்டியரிங் உன் பொண்டாட்டி கையில இருந்தா காளை தர்றேன், இல்லேன்னா நடையக் கட்டு" என்று காளைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். பெண் கை பட்ட கயிறு களத்தில் அறுந்துபோகும் என்று அதே காளைக்காரர்கள்தான் சொல்லுவார்கள். ஆகவே யுபின் கேபினுக்குள், கச்சோன் பின்னால் காளையோடு. அப்படித்தான் அந்தக் குடும்பம் சோறு தின்றது.

காளையைப் பின்புறம் பார்க்கத் திருப்பி ஏற்றினால் கொம்பு ஓட்டுகிறவர் கழுத்துக்கு வராது. சின்னப் பிள்ளைக்கும் தெரிகிற விஷயம். ஆனால் எங்கள் பக்கத்தில் எவனும் அப்படி ஏற்ற மாட்டான். வீட்டைவிட்டுப் பின்புறம் முன்னால் போகக் கிளம்பின காளை, களத்திலும் பின்புறத்தைக் காட்டி ஓடும் என்பது நம்பிக்கை. காளையும் காளையும் மோதுகிற சண்டையில் ஓடினால் தோல்வி. ஒரு காளைமேல் வயலையே பந்தயம் கட்டுகிறவர்களிடம் போய் ஓட்டுநர் கழுத்தைப் பற்றிப் பேச முடியுமா?

பழைய பிக்கப் ஒரு மழைக்காலத்தில் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. அடிச்சட்டம் துருப்பிடித்து இரண்டாகப் பிளந்தது. புதிதாக ஒன்று வாங்கியே ஆகவேண்டும்.

கடையில் மூன்று வண்டிகள் வரிசையாக நின்றன. ஒற்றைக் கேபின் வண்டி ஒன்று. பின்தொட்டி நீளம், பாரம் தாங்குகிற கமான் பட்டைகள் தடித்தவை, ஒரு டன்னுக்கு மேல் தூக்கும், விலையும் குறைவு. அடுத்தது ஒன்றரைக் கேபின். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒடுக்கமான ஒரு சின்ன இருக்கை உண்டு, அதனால் தொட்டி நீளம் குறைவு, பாரமும் குறைவு, விலை மட்டும் கூடுதல். மூன்றாவது நாலு கதவு வண்டி. அதில் காளையை ஏற்றுவதானால் இருக்கையில் உட்காரவைத்து பெல்ட் போட்டுத்தான் கூட்டிப்போக வேண்டும்.

விற்கிற பெண் உதட்டுச் சாயம் கலையாமல் சிரித்தாள். "அக்கா, இதப் பாருங்க. ரிவர்ஸ் எடுத்தா திரையில பின்பக்கம் அப்படியே தெரியும்."

"பின்பக்கம் என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்டி. கொம்பு இருக்கு" என்றாள் யுபின். "நீ ஏறி உக்காரு."

அந்தப் பெண் திகைத்துப்போய் ஒவ்வொரு வண்டியாக ஏறி உட்கார்ந்தாள். யுபின் அவள் பிடரியிலிருந்து பின்கண்ணாடி வரைக்கும் கையால் அளந்தாள். ஒற்றைக் கேபினில் நாலு விரல். ஒன்றரைக் கேபினில் ஒரு முழம். அந்த ஒரு முழத்தில் இரும்புத் தகடு ஒன்றை நிறுத்திவைக்கலாம். காளை முட்டினாலும் குனிய நேரம் கிடைக்கும்.

"இதுதான்" என்றாள் புருஷனிடம்.

"தொட்டி பத்தாதே புள்ள. காளை கோணலா நிக்கணும். களத்துக்குப் போறதுக்குள்ள கால் சோர்ந்துடும். நான் எங்க நிக்கிறது? ஒத்தக் கேபின்ல காளைக்குப் பின்னால ஒரு ஆள் நிக்க எடம் இருக்கு."

"உன் காலு முக்கியம், காளை காலு முக்கியம். என் கழுத்து வாழைத்தண்டா?"

"மத்த நாள்ல எண்ணெய்ப் பனங்குலை ஏத்தணுமே. அதுக்கு எது தாங்கும்னு பாக்க வேணாமா?"

"பனங்குலை கண்ணாடிய உடைச்சுக்கிட்டு வராது."

உள்ளுக்குள் கச்சோனுக்கும் அவள் சொன்னது சரியென்றே பட்டது. அங்கேயே கையெழுத்துப் போட்டிருந்தால் இந்தக் கதை இல்லை. வீட்டுக்குப் போய் யோசித்துச் சொல்கிறேன் என்று வந்தவன், மறுநாள் காலை டீக்கடைக்குப் போனான்.

டீக்கடையில் கூண்டுக் குருவிகளுக்குக் கீழே நாலு பேர் எப்போதும் பிக்கப் பேச்சுதான் பேசுவார்கள். எது எவ்வளவு தூக்கும், எது ஏற்றத்தில் மூச்சு வாங்கும், எதன் விலை ஏமாற்று என்று. அவர்களில் பெரிய வாய்க்காரன் விபுன். அவனும் காளை ஏற்றுகிறவன், ஒற்றைக் கேபின்காரன். யுபின் கடையில் கழுத்தை அளந்த சங்கதி அவனுக்கு அதற்குள் எட்டியிருந்தது.

"என்ன மச்சான், பிக்கப் வாங்குறியா, பொண்டாட்டிக்குச் சட்டை தைக்கிறியா? கழுத்தளவு எல்லாம் எடுத்தீங்களாமே!"

கடை முழுக்கச் சிரிப்பு. விபுன் நிறுத்தவில்லை. "அரை மாடு ஏத்துற வண்டிடா அது. மீதி அரை மாட்ட உன் பொண்டாட்டி மடியில வெச்சுக்குவாளா?"

கச்சோன் கொதிக்கிற டீயை அவன் முகத்தில் வீசினான். விபுன் முக்காலியைத் தூக்கினான். இரண்டு பேரும் கட்டிப் புரண்டதில் கூண்டுகள் சாய்ந்து ஒரு குருவி பறந்துபோனது. பாட்டுப் போட்டியில் ஜெயித்த குருவி. குருவிக்காரன் யாரை அடிப்பதென்று தெரியாமல் இரண்டு பேரையும் அடித்தான். கச்சோனுக்குப் புருவம் கிழிந்தது. விபுனுக்குக் கன்னத்தில் தோல் உரிந்தது. விலக்கிவிட்டவர் கம்நான் வான்லோப். எங்கள் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் அவர்தான் தலைவர், லங்சாத் என்கிற பெருங்காளைக்குச் சொந்தக்காரர்.

அவர் கச்சோனின் தோளில் கை போட்டு வெளியே கூட்டிப் போனார். "லங்சாத் நீளமானவன். நேரா நிக்கணும். இந்த சீசன் பூரா உனக்குத்தான் தரணும்னு இருக்கேன். ஒன்றரைக் கேபினோட வந்தா என் வாசல்ல நிறுத்தாதே. ஆம்பள மாதிரி ஒரு வண்டிய வாங்கு" என்றார்.

மானம் போன மனுஷனிடம் "ஆம்பள மாதிரி" என்று சொல்லிவிட்டால் அவன் கண்ணை மூடிக்கொண்டு கிணற்றில்கூடக் குதிப்பான். கச்சோன் அன்றைக்கே போய் ஒற்றைக் கேபினை எடுத்துவந்து, வண்டியைக் காக்கிற தெய்வமான வண்டித் தாய்க்குப் பூமாலையும் கட்டி வாசலில் நிறுத்தினான்.

யுபின் இறால் விழுது இடித்துக்கொண்டிருந்தாள். வண்டியைப் பார்த்தாள். உலக்கையோடு எழுந்து வந்து முன்விளக்கில் ஒரு போடு போட்டாள். கண்ணாடி தெறித்தது. அடுத்த விளக்குக்கு ஓங்குவதற்குள் கச்சோன் அவள் முடியைப் பிடித்து இழுத்து அறைந்தான். அவள் அவன் தோளில் கடித்தாள், ரத்தம் வந்த பிறகும் விடவில்லை. அவன் அவளைச் சுவரோடு மோதினான். அவள் உலக்கையால் அவன் முழங்காலில் அடித்தாள். அன்றைக்கு அந்த வீட்டில் அடி விழாத இடம் கூரை மட்டும்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். இதெல்லாம் புருஷன் பெண்டாட்டிக்குள் நடக்கிறது என்று நியாயம் பேசுவதில் எங்கள் ஊரை அடித்துக்கொள்ள ஆளில்லை. எனக்கு அந்த நியாயத்தைக் கேட்டால் எரிச்சலாக வரும்.

கடைசியில் மூச்சு வாங்கி இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தார்கள்.

"கண்ணாடிக்குப் பின்னால கிரில் அடிச்சுத் தர்றேன்டி. தடிச்ச குழாய். யானை முட்டினாலும் வளையாது."

"யானை முட்டப்போறதில்ல. காளை முட்டும்."

"அப்ப என்னதான் பண்ணச் சொல்ற?"

"திருப்பி ஏத்து. அது பின்னால பாத்துக்கிட்டு வரட்டும்."

"எவன் மாடு தருவான்? சோத்துக்கு என்ன பண்றது?"

வாயில் இருந்த ரத்தத்தைத் துப்பினாள். அது அவளுடையதா அவனுடையதா என்று அவளுக்கே தெரியவில்லை. சாவு பயம் அவளுக்கு இருந்தது, அதை அவள் யாரிடமும் ஒளித்ததில்லை. ஆனால் வேறு வேலைக்குப் போக அவர்களிடம் ரப்பர் மரமும் இல்லை, இறால் குட்டையும் இல்லை.

கிரில் வந்தது. கச்சோனே நின்று பற்றவைத்தான்.

லங்சாத்தை மலைக்கு அந்தப்புறம் உள்ள களத்துக்குக் கொண்டுபோகிற நாள். மத்தியான வெயில். காளை வழக்கம்போல முன்புறம் பார்த்து, தலை கிரில்லோடு ஒட்டி, மூக்கணாங்கயிறு கிரில்லில் கட்டி நின்றது. காளைக்குப் பின்னால், தொட்டிக் கதவுக்கு முன்னால், ஒரு ஆள் நிற்கிற இடத்தில் கச்சோன். பின்னால் தன் காரில் கம்நான் வான்லோப்பும் ஆட்களும். யுபின் நெஞ்சை ஸ்டியரிங்கில் அழுத்திக்கொண்டு மெதுவாகப் போனாள். காளையின் மூச்சு கண்ணாடியில் பட்டுப் பட்டு ஆவியடித்தது.

மலை ஏற்றத்தில் பின்னாலிருந்து ஹாரன். விபுன். அவன் வண்டியிலும் ஒரு கருங்காளை. சண்டைக் காளை ஏற்றின இரண்டு வண்டிகள் பக்கத்துப் பக்கத்தில் வரவே கூடாது. இது ஓட்டத் தெரியாதவனுக்கும் தெரிந்த விதி. ஆனால் ஏற்றத்தில் யார் வண்டி இழுக்கும் என்ற டீக்கடை வழக்கு அவனுக்கு இன்னும் தீரவில்லை. உரிந்த கன்னத்தோடு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"ஏத்தத்துல வண்டி உருளுதா, இல்ல தள்ளணுமா, மதினி?"

"பக்கத்துல வராதடா, நாசமாப் போறவனே!" என்று யுபின் கத்தினாள். பின்னாலிருந்து கச்சோனும் கத்தினான். விபுன் சிரித்தபடி ஏறிவந்தான். இரண்டு தொட்டிகளும் ஒன்றுக்கொன்று நேராக வந்தன. கருங்காளை உறுமியது.

லங்சாத் தலையைத் திருப்பி ஒரே உதறு உதறியது. மூக்கணாங்கயிறு அறுந்தது. அடுத்த உதறலில் கிரில்லைப் பற்றவைத்த இடம் ஒரு பக்கம் பெயர்ந்தது. வண்டி ஆடியது, ஒரு பக்கச் சக்கரம் ரோட்டை விட்டுக் கிளம்பி இறங்கியது. பனங்குலை வைத்த இடத்தில் கிடக்கும். உயிருள்ள பாரம் அப்படியில்லை, அது நினைத்த பக்கம் சாயும். பின்கண்ணாடி நொறுங்கி யுபினின் முதுகில் கொட்டியது. வலக்கொம்பு தலைச்சாய்ப்பைக் குத்திக் கிழித்து, அவள் சாய்ந்து உட்கார்ந்திருந்தால் கழுத்து இருந்திருக்கும் இடத்தில் நின்றது. கொம்பு நுனி அவள் பிடரி முடியைத் தொட்டது. காளையின் எச்சில் சூடாகச் சட்டைக்குள் வழிந்தது.

பிரேக் போட்டால் கொம்பு உள்ளே வரும். அதை அவள் அண்ணனிடம் பார்த்திருக்கிறாள். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் காளை பின்னால் போகும். பின்னால் கச்சோன்.

பக்கக் கண்ணாடியில் அவனைப் பார்த்தாள். வாயைத் திறந்து அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

மிதித்தாள்.

புது வண்டி சீறிக்கொண்டு பாய்ந்தது. கொம்பு தலைச்சாய்ப்பைப் பிய்த்துக்கொண்டு வெளியே போனது. முக்கால் டன் மாமிசம் பின்னால் சரிந்தது. கச்சோன் கதவுக்கும் காளைக்கும் நடுவில் மாட்டினான். அவன் அலறல் எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டது, பிறகு கதவின் கொண்டி தெறிக்கிற சத்தம். காளை புட்டம் முன்னால் ரோட்டில் விழுந்தது, அதற்கடியில் கச்சோன். அது எழுந்தபோது ஒரு கால் அவன் இடுப்பில் ஊன்றியது. எலும்பு உடைகிற சத்தம் அந்த மலையில் எல்லோருக்கும் கேட்டது.

யுபின் இறங்கி ஓடிவருவதற்குள் கம்நான் வான்லோப் வந்துவிட்டார். ரத்தத்தில் கிடந்தவனைத் தாண்டிப் போய்க் காளையின் நாலு கால்களையும் தடவிப் பார்த்தார். எச்சில் துப்பினார்.

"குண்டி முன்னால இறங்கிட்டான். போச்சு. இனி கறிக்குத்தான் ஆவான்."

யுபின் வண்டிக்குத் திரும்பி ஜாக்கிக் கம்பியை எடுத்துவந்து அவர் தோளில் அடித்தாள். தோள்பட்டை இறங்கிப்போய் அவர் உட்கார்ந்தார். ஆட்களில் ஒருவன் துப்பாக்கியை எடுத்து அவள் நெற்றிக்கு நீட்டினான். அவள் அந்தத் துப்பாக்கியைப் பார்க்கவே இல்லை. மறுபடி ஓங்கினாள்.

"சுடச் சொல்லுடா! காளைக்குக் கால் பாக்குற. மனுஷன் கெடக்கான், அவன் கால் எங்க இருக்குன்னு பாத்தியாடா?"

மேலே வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்த விபுன் இடையில் நுழைந்தான். அவனைக் கண்டதும் அவளுக்கு வெறி ஏறியது. கம்பி அவன் மூக்கில் விழுந்தது. மூக்கு ஒரு பக்கம் சாய்ந்து ரத்தம் கொட்டியது. அவன் கையை ஓங்கவில்லை. "அப்பறமா எவ்வளவு வேணா அடி மதினி. இப்ப அவனத் தூக்கு" என்றான். துப்பாக்கிக்காரன் மெல்லத் துப்பாக்கியை இறக்கினான்.

யுபினும் விபுனும் கச்சோனைத் தூக்கி அவள் வண்டியின் நீளத் தொட்டியில் வைக்கோல்மேல் கிடத்தினார்கள். விபுன் உடைந்த மூக்கோடு ஓட்டினான். யுபின் பின்னால் உட்கார்ந்து புருஷன் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வரைக்கும் அவனைத் திட்டிக்கொண்டே வந்தாள். கண்ணை மூடினால் கொன்றுபோடுவேன் என்றாள். திட்டை நிறுத்தினால் அவன் செத்துப்போவான் என்று அவளுக்குப் பயம்.

அவன் சாகவில்லை. இடுப்பில் இரும்புத் தகடு வைத்துத் திருகாணி போட்டார்கள். இனி நடக்கலாம், தடி ஊன்றி. ஓடுகிற வண்டியில் காளையோடு நிற்பதெல்லாம் இந்த ஜென்மத்தில் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பல நாள் அவன் பேசவில்லை. யுபின் கஞ்சி ஊட்டுவாள், அவன் விழுங்குவான், சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வான். அவளும் பேசவில்லை. என்ன பேசுவது? அவனைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டேதான் மிதித்தாள். அது அவன் கண்ணுக்கும் தெரியும், அவள் காலுக்கும் தெரியும்.

ஒருநாள் காலை கரண்டியை வாய்க்குக் கொண்டுபோனபோது அவன் கேட்டான்.

"பின்னால நான் நிக்கிறது தெரிஞ்சுதானே மிதிச்சே?"

யுபின் பொய் சொல்ல நினைத்தாள். வாய் வரவில்லை.

"தெரியும்" என்றாள்.

கச்சோன் கஞ்சியை விழுங்கினான். கிண்ணத்தை அவன் தட்டிவிடுவான், அல்லது இனி என் முகத்தில் விழிக்காதே என்பான் என்று அவள் காத்திருந்தாள். இரண்டுக்கும் தயாராக இருந்தாள்.

"அந்த வண்டிய வித்துடு" என்றான். "ஒன்றரைக் கேபின் எடு."

"எதுக்கு? யார் காளைய ஏத்துறதுக்கு? நிக்கத்தான் முடியாதே உன்னால."

"நிக்கிறதுக்கு ஆள் வெச்சுக்கலாம். உன் சீட்டுக்குப் பின்னால ஒரு சின்ன சீட்டு இருந்துச்சே, அதுல நான் உக்காந்துக்கிறேன்."

"லூசா நீ? அந்த ஒரு முழம் இரும்புத் தகடு வெக்கிறதுக்குடா! நீ அங்க உக்காந்தா கொம்பு உன் கழுத்துக்குல்ல வரும்?"

"வரட்டும்" என்றான் கச்சோன்.

யுபின் கரண்டியை ஓங்கினாள், அடிக்கத்தான் ஓங்கினாள். அப்புறம் அதைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, அண்ணன் செத்த அன்றும் அழாதவள், அந்த வார்டே திரும்பிப் பார்க்க வாய்விட்டு அழுதாள்.